மருந்து சீட்டில் இருக்கிறது, டோஸ் மட்டும் நகரவில்லை

பிசோப்ரோலால் 1.25 மில்லிகிராம், காலையில் ஒன்று. நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள ஒருவரின் மருந்துச் சீட்டில் இந்த வரி இரண்டு வருடமாக மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குடும்ப மருத்துவர் சிகிச்சை நெறிமுறையைப் பின்பற்றுகிறாரா? பீட்டா பிளாக்கர் (பிசோப்ரோலால் அந்த வகை மருந்து) கொடுத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டால், ஆமாம், கொடுத்திருக்கிறார். ஆனால் 1.25 என்பது தொடங்கும் டோஸ். நெறிமுறை போய்ச் சேரச் சொல்வது 10 மில்லிகிராமுக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் எட்டில் ஒரு பங்கோடு எல்லாம் நின்றுவிட்டது.

குடும்ப மருத்துவர்கள் இதயச் செயலிழப்பு மருந்துகளை நெறிமுறைப்படி கொடுக்கிறார்களா என்ற கேள்வி முப்பது வருடமாகத் திரும்பத் திரும்ப ஆராயப்படுகிறது. பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது: பெயரளவில் பரவாயில்லை, டோஸ் அளவில் மோசம். உடனே "டாக்டர்களுக்குத் தெரியவில்லை, பயிற்சி கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியாமை ஒரு சிறு பகுதிதான். மிச்சமெல்லாம், டோஸை ஏற்றும் வேலை யாருடையது என்று எங்கேயும் எழுதப்படாததால் வருவது. அதை விளங்கிக்கொள்ள, நெறிமுறை உண்மையில் என்ன கேட்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதயம் உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் போகிறது, அல்லது தள்ளுகிறது ஆனால் உள்ளே அழுத்தம் ஏறிப்போய்த் தள்ளுகிறது. மூச்சிரைப்பு, கால் வீக்கம், களைப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால், இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று தெரியும். அதைத்தான் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் என்கிறார்கள். அது 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் ஒரு வகை, 50-ஓ அதற்கு மேலோ இருந்தால் இன்னொரு வகை, நடுவில் 41 முதல் 49 வரை ஒரு சின்ன இடைவகை. ஆயுளை நீட்டும் என்று உறுதியான ஆதாரம் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை முதல் வகைக்குத்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எக்கோ எடுக்காமலே "இதயச் செயலிழப்பு" என்று எழுதப்பட்டு வருடக்கணக்கில் நீர் மாத்திரையோடு போய்க்கொண்டிருக்கும் நோயாளிகள் குடும்ப மருத்துவத்தில் உண்டு. எந்த வகை என்றே தெரியாதபோது எந்த நெறிமுறையைப் பின்பற்றுவது?

மருந்துகளின் கதை 1987-இல் சூடுபிடிக்கிறது. கன்சென்சஸ் என்ற ஆய்வில், மிகக் கடுமையான நிலையில் இருந்த 253 பேரில் பாதிப் பேருக்கு எனலாப்ரில் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இறப்பு 40 சதவீதம் குறைந்தது. 1991-இல் சால்வ்டு ஆய்வு, இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல், அவ்வளவு கடுமையில்லாத நோயாளிகளிலும் இறப்பு 16 சதவீதம் குறைவதைக் காட்டியது. இப்படித்தான் எனலாப்ரில் சேர்ந்த ஏசிஇ இன்ஹிபிட்டர் வகை (ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பது) முதல் தூணாக நிலைத்தது.

பீட்டா பிளாக்கர் கதை இன்னும் சுவாரஸ்யம். இதயத்தின் வேகத்தையும் விசையையும் குறைக்கும் மருந்தைப் பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்வீடனின் கோதன்பர்கில் ஃபின் வாக்ஸ்டீனும் கூட்டாளிகளும் 1975-இல் ஏழே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்கள் தேறினார்கள் என்று எழுதியபோது பெரும்பாலோர் நம்பவில்லை. கால் நூற்றாண்டு கழித்துத்தான், 1999-இல் சிபிஸ்-2 ஆய்வு பிசோப்ரோலாலுக்கும், மெரிட்-எச்எஃப் ஆய்வு மெட்டோப்ரோலால் சக்சினேட்டுக்கும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டின. 2001-இல் கோபர்னிகஸ் கார்வெடிலாலுக்கு அதையே காட்டியது. இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், தொண்ணூறுகளுக்கு முன்னால் படித்து வந்த மருத்துவர் ஒருவர் "கொடுத்தால் ஆள் போய்விடுவார்" என்று கற்றுக்கொண்ட மருந்தைத் தன் தொழிலின் நடுவில் "கொடுக்காவிட்டால்தான் தப்பு" என்று மாற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பழைய தயக்கம் ஒரே வருடத்தில் போய்விடாது. அவரிடம் பழகிய அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அதே 1999-இல் ரேல்ஸ் ஆய்வு வந்தது: ஸ்பைரோனோலாக்டோன், இறப்பில் 30 சதவீதக் குறைவு. 2014-இல் பாரடைம்-எச்எஃப், சாக்குபிட்ரிலும் வல்சார்ட்டானும் சேர்ந்த மாத்திரை எனலாப்ரிலைவிட 20 சதவீதம் மேல் என்றது. 2019-இல் டாபா-எச்எஃப். நீரிழிவு மருந்தாக வந்த டாபாகிளிஃப்ளோசின், நீரிழிவே இல்லாதவர்களுக்கும் நோய் முற்றுவதையும் இதயநோய் மரணத்தையும் சேர்த்து 26 சதவீதம் குறைத்தது. அடுத்த வருடம் எம்பாகிளிஃப்ளோசினும் அதே திசையில். ஆக இப்போது நான்கு தூண்கள்: ஏசிஇ இன்ஹிபிட்டர் அல்லது அதன் இடத்தில் சாக்குபிட்ரில்-வல்சார்ட்டான், பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோசின் வகை. 2021 ஐரோப்பிய நெறிமுறையும் 2022 அமெரிக்க நெறிமுறையும், எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் குறைந்தவர்களுக்கு இந்த நான்கையும் கொடுக்கச் சொல்கின்றன.

நீர் மாத்திரை இந்த நான்கில் இல்லை, கவனித்தீர்களா? ஃப்யூரோசமைடு வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் மற்ற எதையும்விட வேகமாகக் குறைக்கும், ஆனால் ஆயுளை நீட்டுகிறது என்று நிரூபிக்கப்பட்டதில்லை. நோயாளி "இந்த மாத்திரை வேலை செய்கிறது" என்று உணர்வது இதில்தான். பீட்டா பிளாக்கரில் முதல் சில வாரம் களைப்பு கூடவும் செய்யும். உடனே பலன் தெரியும் மருந்துக்கு ஆதாரம் குறைவு, ஆதாரம் மலைபோல் இருக்கும் மருந்துக்குப் பலன் கண்ணுக்குத் தெரியாது. குடும்ப மருத்துவரின் பாதிச் சங்கடம் இதில் அடங்கிவிடுகிறது.

சரி, நான்கு மருந்து எழுதினால் முடிந்ததா என்றால் இல்லை. பீட்டா பிளாக்கரைக் குறைந்த டோஸில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குக் குறையாத இடைவெளியில் இரட்டிப்பாக்க வேண்டும். 1.25, பிறகு 2.5, பிறகு 5, பிறகு 10. ஒவ்வொரு படியிலும் நாடித்துடிப்பு, பிபி, எடை, வீக்கம் பார்க்க வேண்டும். ஏசிஇ இன்ஹிபிட்டரும் அப்படியே படிப்படியாக, ஆனால் இதற்கு ஒவ்வொரு படிக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் (இந்த மருந்துகளால் ஏறி, மிகுந்தால் இதயத்துடிப்பையே குலைப்பது) பார்த்தாக வேண்டும். ஸ்பைரோனோலாக்டோனுக்கு முதல் வாரம், நான்காம் வாரம், எட்டு, பன்னிரண்டு, அப்புறம் சில மாதங்களுக்கு ஒரு முறை என்று ரத்தப் பரிசோதனை ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டிப் பாருங்கள், ஒரே நோயாளிக்கு மூன்று நான்கு மாதத்துக்குள் பத்துத் தடவைக்கு மேல் சந்திப்பு வரும். ஒரு சந்திப்புக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்ற நிலையில், அந்தப் பத்து நிமிடத்தில் நோயாளி முழங்கால் வலியைப் பற்றியும் தூக்கம் வராததைப் பற்றியும் பேச வந்திருக்கிறார் என்ற நிலையில், "பிசோப்ரோலாலை 2.5-லிருந்து 5 ஆக்க வேண்டிய நாள் இன்று" என்பது யாருக்கு ஞாபகம் வரும்?

இனி எண்களுக்கு வருவோம். குடும்ப மருத்துவத்தைப் பெரிய அளவில் பார்த்த ஆய்வுகளில் ஒன்று இம்ப்ரூவ்மென்ட் ஆய்வு. 15 ஐரோப்பிய நாடுகள், பதினோராயிரம் நோயாளிகள், 2002-இல் வெளியானது. ஏசிஇ இன்ஹிபிட்டர் 60 சதவீதம் பேருக்கு, பீட்டா பிளாக்கர் 34 சதவீதம் பேருக்கு, இரண்டும் சேர்ந்து 20 சதவீதம் பேருக்கு மட்டும். கொடுக்கப்பட்ட ஏசிஇ டோஸ் பரிந்துரைத்ததில் பாதி அளவில்தான் இருந்தது. பீட்டா பிளாக்கர் ஆதாரம் வந்து மூன்று வருடம்கூட ஆகாத காலம் அது, ஆகவே 34 சதவீதத்தை ரொம்பக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பின்னால் வந்தவை என்ன சொல்கின்றன? 2018-இல் அமெரிக்காவின் சாம்ப்-எச்எஃப் பதிவேடு, 150 மருத்துவ நிலையங்கள், 3,518 நோயாளிகள். மருந்துக்குத் தகுதியுள்ளவர்களில் ஏசிஇ இன்ஹிபிட்டரோ அதன் இனத்தைச் சேர்ந்ததோ இல்லாதவர்கள் 27 சதவீதம். பீட்டா பிளாக்கர் இல்லாதவர்கள் 33 சதவீதம். ஸ்பைரோனோலாக்டோன் வகை இல்லாதவர்கள் 67 சதவீதம். மூன்றும் ஒன்றாக இலக்கு டோஸில் இருந்தவர்கள் 1 சதவீதம். நூற்றுக்கு ஒருவர்! ஐரோப்பாவின் பயோஸ்டாட் ஆய்வில் நிலைமை இன்னும் யோசிக்க வைப்பது, ஏனென்றால் அதில் டோஸை ஏற்றும்படி மருத்துவர்களிடம் சொல்லியே வைத்திருந்தார்கள், மூன்று மாத அவகாசமும் கொடுத்திருந்தார்கள். அப்படியும் ஏசிஇ வகையில் 22 சதவீதம், பீட்டா பிளாக்கரில் 12 சதவீதம் பேர்தான் முழு டோஸைத் தொட்டார்கள்.

இந்தக் கடைசி இரண்டு ஆய்வுகளிலும் குடும்ப மருத்துவர்கள் மட்டும் இல்லை, இதய நிபுணர்களும் நிறையவே இருந்தார்கள். ஆகவே "நிபுணர் சரியாகச் செய்கிறார், குடும்ப மருத்துவர்தான் கோட்டை விடுகிறார்" என்ற கதை எண்களில் நிற்கவில்லை.

அப்படியானால் ஏன் நடக்கிறது இது? முதல் காரணம், நோயாளி நன்றாக இருப்பது. நீர் மாத்திரையில் வீக்கம் வடிந்துவிட்டது, படி ஏற முடிகிறது, இரவில் தூங்குகிறார். எதற்கு இப்போது மாத்திரையை மாற்றிக் கெடுக்க வேண்டும்? மனித இயல்புக்கு முற்றிலும் சரியாகத் தோன்றும் இந்த யோசனைதான் நெறிமுறைக்கு நேர் எதிரானது. டோஸை ஏற்றுவது அறிகுறிக்காக இல்லை, அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நடக்கக்கூடிய திடீர் மரணத்தையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் தள்ளிப்போடுவதற்காக. நன்றாக இருக்கும் நாள்தான் டோஸை ஏற்றத் தோதான நாள். மூச்சிரைத்து வந்திருக்கும் நாளில் பீட்டா பிளாக்கரை ஏற்ற முடியாது.

இரண்டாவது பயம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிபி 100/60 என்று வந்தால் ஏற்றுவதற்குக் கை வராது. நெறிமுறையோ, தலைசுற்றல் இல்லாத குறைந்த பிபிக்கு எதையும் மாற்ற வேண்டாம் என்கிறது. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் மருத்துவர் மருந்தை நிறுத்திவிடுகிறார். ஐரோப்பிய நெறிமுறையோ, தொடக்க அளவிலிருந்து 50 சதவீதம் வரை ஏறினாலும், அல்லது 3 மில்லிகிராமைத் தொடும் வரையிலும் (இதில் எது குறைவோ அதுவரை) பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. பொட்டாசியம் 5.5 வரை பரவாயில்லை, அதைத் தாண்டினால் டோஸைப் பாதியாக்கு, 6-ஐத் தாண்டினால் நிறுத்து. பரிசோதனைக் கூடத்தின் தாளிலோ 5.2 என்பதே சிவப்பு எழுத்தில் அச்சாகி வருகிறது. சிவப்பைப் பார்த்துவிட்டு மருந்தைத் தொடர்வதற்குத் தைரியம் வேண்டும். அதுவும் தனியாக உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு.

அந்தப் பயம் கற்பனையும் இல்லை. ரேல்ஸ் வெளியானபின் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்ததைப் பாருங்கள். இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்து வந்த முதியவர்களில் ஸ்பைரோனோலாக்டோன் எழுதப்படுவது 1994-இல் ஆயிரத்துக்கு 34 ஆக இருந்தது, 2001 இறுதியில் 149 ஆனது. கூடவே, பொட்டாசியம் ஏறி மருத்துவமனைக்கு வருவது ஆயிரத்துக்கு 2.4-லிருந்து 11 ஆக உயர்ந்தது. அதனால் இறப்பது 0.3-லிருந்து 2 ஆனது. நெறிமுறையை மருத்துவர்கள் பின்பற்றினார்கள், ஆனால் பாதியைத்தான்: மருந்து எழுதும் பாதி. ரேல்ஸ் ஆய்வில் கிரியாட்டினின் 2.5-க்கு மேல் இருந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை, ரத்தத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆள்களும் வயதில் இளையவர்கள். வெளியே அந்த வடிகட்டல் எதுவும் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் அதே காலத்தில் அதே மருந்தின் பயன்பாடு கூடியது, ஆனால் கூடவே ரத்தப் பரிசோதனையும் கூடியதால், பொட்டாசியத்தால் மருத்துவமனைக்கு வருவது கூடவில்லை என்று 2010-இல் வந்த ஆய்வு காட்டியது. வித்தியாசம் மருந்தில் இல்லை, கண்காணிப்பில்.

பயத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது, இதை ஆய்வுத் தாள்கள் நாசூக்காகக் கடந்துபோய்விடும். டோஸை ஏற்றி, நோயாளி தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது "டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், விழுந்துட்டார்". டோஸை ஏற்றாமல் விட்டு, எட்டு மாதம் கழித்து நோயாளி தூக்கத்தில் இறந்துபோனால், அது "இதயம் பலவீனமா இருந்துச்சு, பாவம்". முதலாவது மருத்துவரின் கணக்கில் எழுதப்படும், இரண்டாவது நோயின் கணக்கில். இந்த ஏற்பாட்டில் யாராக இருந்தாலும் ஏற்றாமல் இருக்கத்தான் சாய்வார்கள். பயிற்சி வகுப்பு நடத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

சில பயங்கள் மட்டும் தேவையில்லாதவை, அவற்றைக் களையலாம். கோபர்னிகஸில் நோய் முற்றியவர்கள்தான் இருந்தார்கள். அங்கே மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் கார்வெடிலால் பக்கத்தைவிட மருந்தில்லாத வெறும் மாத்திரை பக்கத்தில்தான் அதிகம். அதாவது "பீட்டா பிளாக்கர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி நோயே செய்வது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சிஓபிடி) இருந்தால் பீட்டா பிளாக்கர் கூடாது என்பதும் அப்படித்தான். ஆஸ்துமாவில் கவனம் வேண்டும், ஆனால் இதயத்தைக் குறிவைக்கும் பிசோப்ரோலால் போன்றவற்றை அந்த நுரையீரல் நோயில் கொடுக்கலாம்.

மூன்றாவது காரணம், என் கணக்கில் இதுதான் பெரியது. மருத்துவமனையிலிருந்து வரும் டிஸ்சார்ஜ் தாள். அங்கே தொடங்கும் டோஸில் மருந்துகளைப் போட்டுவிட்டு, "தொடரவும்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். குடும்ப மருத்துவர் அதைப் படித்து, நிபுணர் யோசித்துத்தான் 2.5 போட்டிருக்கிறார், அதில் கைவைக்க நான் யார் என்று நினைக்கிறார். நிபுணரோ, நாம் தொடங்கிவிட்டோம், ஏற்றுவது குடும்ப மருத்துவர் வேலை என்று நினைக்கிறார். இருவருமே தப்பு செய்யவில்லை, இருவருமே மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார்கள், நடுவில் டோஸ் அப்படியே கிடக்கிறது. அந்தத் தாளில் இரண்டே வரி கூடுதலாக இருந்திருந்தால் போதும்: எந்த டோஸ் வரை போக வேண்டும், யார் ஏற்ற வேண்டும்.

நான்காவது, நோயாளிகள் ஆய்வுகளில் வரும் நோயாளிகள் மாதிரி இல்லை. சிபிஸ்-2 ஆய்வில் சராசரி வயது 61, பாரடைமில் 64. குடும்ப மருத்துவர் பார்ப்பவரோ எண்பதை நெருங்குபவர், கூடவே சிறுநீரகம் பாதி, நீரிழிவு, மூட்டுவலி, மறதி, ஏற்கெனவே ஒன்பது மாத்திரை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நெறிமுறை உண்டு, எதுவும் மற்றதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த டைக்ளோஃபெனாக் உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் அடிக்கும். பிபிக்கு டில்டியாசெம், வெராபமில் கொடுத்திருந்தால் பலவீனமான இதயம் இன்னும் பலவீனமாகும். சர்க்கரைக்குப் பியோகிளிட்டசோன் நீரைச் சேர்த்துவைக்கும். இந்த வேண்டாத மருந்துகளைக் கண்டுபிடித்து நிறுத்துவதும் நெறிமுறையைப் பின்பற்றுவதுதான், ஆனால் அதை யாரும் சதவீதமாக எண்ணுவதில்லை. இதற்கு எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் பார்க்கிறவர் வேண்டும், அந்த இடத்தில் இருப்பவர் குடும்ப மருத்துவர் மட்டும்தான்.

பிபி உண்மையிலேயே குறைந்து தலைசுற்றுகிறது என்றால் எதை முதலில் குறைப்பது என்பதிலும் ஒரு வரிசை உண்டு, இது நடைமுறையில் அடிக்கடி தலைகீழாகிறது. முதலில் இதயச் செயலிழப்புக்குப் பயன்படாத பிபி மருந்துகள், அம்லோடிபின், புராஸ்டேட்டுக்கான ஆல்ஃபா பிளாக்கர் மாதிரி. அடுத்து, வீக்கம் இல்லையென்றால் நீர் மாத்திரை. அதற்கும் அப்புறம்தான் நான்கு தூண்களைத் தொட வேண்டும். ஆனால் நிறையச் சீட்டுகளில் அம்லோடிபின் பத்திரமாக இருக்கும், ஏசிஇ இன்ஹிபிட்டரான ராமிப்ரில் போயிருக்கும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு நேர்மையான கேள்வி: முழு டோஸ் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? ஏசிஇ இன்ஹிபிட்டரைப் பொறுத்தவரை பதில் அவ்வளவு உரத்ததில்லை. 1999-இல் அட்லஸ் ஆய்வில் லிசினோப்ரில் 2.5 முதல் 5 வரை ஒரு பக்கம், 32.5 முதல் 35 வரை இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார்கள். டோஸில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இறப்பில் கிடைத்த 8 சதவீத வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் சேர்த்துப் பார்த்தால் 12 சதவீதம் குறைந்தது. பீட்டா பிளாக்கரில் டோஸ் கூடக் கூடப் பலன் கூடுவது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் எந்த மருந்திலும் சின்ன டோஸ் என்பது பூஜ்யம் இல்லை. ஒரு மருந்தை உச்சிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததைத் தொடலாம் என்று காத்திருப்பதைவிட, நான்கையும் சின்ன டோஸில் சீக்கிரம் தொடங்கிவிட்டு அப்புறம் ஏற்றுவது மேல் என்று இப்போது யோசிக்கிறார்கள்.

இது பழைய பழக்கத்துக்கு நேர்மாறு. 2016 ஐரோப்பிய நெறிமுறை ஏணி மாதிரி இருந்தது: முதலில் இவை, முழு டோஸ் வரை ஏற்று, அறிகுறி மிச்சமிருந்தால் அடுத்தது. 2021-இல் ஏணியை எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடத்தில் தத்துவமே மாறினால், நூறு நோய்களின் நெறிமுறையைப் பின்தொடர வேண்டிய ஒருவர் பழைய பதிப்பில் நின்றுகொண்டிருப்பது ஆச்சரியமா? அவர் நெறிமுறையை மீறவில்லை, போன நெறிமுறையைப் பின்பற்றுகிறார்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நான்காவது தூணான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டுக்கும் ஒரே டோஸ்தான், 10 மில்லிகிராம். ஏற்ற வேண்டியதில்லை, பிபியை அதிகம் இறக்காது, பொட்டாசியத்தைக் கூட்டாது. எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் 40-க்கு மேல் இருப்பவர்களுக்கும் பலன் இருப்பதாக 2021-இலும் 2022-இலும் பெரிய ஆய்வுகள் வந்து, 2023-இல் ஐரோப்பிய நெறிமுறையிலும் சேர்த்துவிட்டார்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சாப்பிட முடியாமல் வாந்தி பேதியில் இருக்கும் நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டும், முதல் வகை நீரிழிவில் கொடுக்கக் கூடாது. இவற்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், குடும்ப மருத்துவரின் அறைக்கென்றே செய்த மாத்திரை மாதிரி இருக்கிறது. நான்கில் எதை முதலில் தொடங்கத் தயங்குவதென்றாலும், இதில் தயங்கக் காரணம் குறைவு.

மற்ற மூன்றை வேகமாக ஏற்ற முடியுமா? 2022-இல் ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு முடியும் என்றது. மருத்துவமனையில் சேர்ந்து தேறிய 1,078 பேரில் ஒரு பாதிக்கு, வீடு திரும்பி இரண்டு வாரத்துக்குள் முழு டோஸ் என்ற இலக்கு வைத்தார்கள். 180 நாளில் இறப்போ மறுபடி சேர்க்கையோ அந்தப் பக்கத்தில் 15.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 23.3 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, இரண்டு வாரம் போதும்" என்று குடும்ப மருத்துவர்களைக் குத்திக்காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த நோயாளிகளை முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் என்று கூப்பிட்டு, உடலைப் பரிசோதித்து, ரத்தம் எடுத்து, என்டி-ப்ரோபிஎன்பி (இதயத்தின் உள்ளழுத்தம் கூடினால் ரத்தத்தில் ஏறும் பொருள்) பார்த்து, அது ஏறியிருந்தால் பீட்டா பிளாக்கரை ஏற்றாமல் நிறுத்தி வைத்தார்கள். மருந்தின் வேகத்தோடு சேர்த்துக் கண்காணிப்பின் வேகமும் அங்கே இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒன்டாரியோதான் திரும்ப வரும்.

ஆகவே இதை மருத்துவரே செய்ய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர், எழுதிவைத்த படிநிலையின்படி டோஸை ஏற்றினால் என்ன ஆகும் என்று 2015-இல் காக்ரேன் தொகுப்பாய்வு பார்த்தது. முழு டோஸைத் தொட்டவர்கள் அதிகம், மருத்துவமனைச் சேர்க்கை குறைவு, இறப்பும் குறைவு. செவிலியருக்கு மருத்துவரைவிட மருந்தியல் அதிகம் தெரியும் என்பதால் இல்லை. அது அவருடைய வேலை என்று எழுதப்பட்டிருக்கிறது, அதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நோயாளி அதற்காகவே வருகிறார். அவ்வளவுதான்.

சரி, பின்பற்றுதலை எப்படி அளப்பது நியாயம்? மருந்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எண்ணினால், 1.25-இல் நிற்பவர் தேறிவிடுவார். இலக்கு டோஸை மட்டும் எண்ணினால், எண்பத்தைந்து வயதில் நாடித்துடிப்பு 52-இல் இருக்கும் ஒருவருக்கு 5 மில்லிகிராமோடு புத்திசாலித்தனமாக நிறுத்திய மருத்துவர் தோற்றுவிடுவார். நெறிமுறையே "இலக்கு டோஸ், அல்லது தாங்கக்கூடிய அதிகபட்ச டோஸ்" என்றுதான் சொல்கிறது. அந்த "தாங்கக்கூடிய" என்பதை வெளியே இருந்து எண்ண முடியாது, ஏற்றிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பதிவேட்டில் "7.5-க்கு ஏற்றினோம், துடிப்பு 46, களைப்பு, 5-க்குத் திரும்பினோம்" என்று ஒரு வரி இருந்தால் அது முழுமையான பின்பற்றல். அந்த வரி இல்லாமல் அதே 5 இருந்தால், யோசித்து நிறுத்தியதா மறந்து நின்றதா என்று அடுத்து பார்ப்பவருக்குத் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து அதே மருத்துவருக்கும் ஞாபகம் இருக்காது.

நோயாளி பக்கத்திலிருந்தும் இதை அசைக்கலாம். "எனக்கு எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் எவ்வளவு? இந்த மாத்திரையை இன்னும் ஏற்ற வேண்டுமா, வேண்டாமென்றால் ஏன்? அடுத்து ரத்தம் எப்போது பார்க்க வேண்டும்?" இந்தக் கேள்விகளைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தாமாக மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ வேறு விஷயம், அது கூடவே கூடாது. குறிப்பாக, தேறிவிட்டது என்று நிறுத்துவது. எக்கோ நார்மலாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நோயாளியும் கேட்பார், சில சமயம் மருத்துவரும் தலையாட்டிவிடுவார். 2019-இல் ட்ரெட்-எச்எஃப் என்ற சிறிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. இதயத்தசை விரிந்து பலவீனமாகி, மருந்தால் முழுதும் தேறிய 51 பேர். அதில் 25 பேருக்கு மருந்தைப் படிப்படியாக, கண்காணிப்போடு நிறுத்திப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் 11 பேருக்கு நோய் திரும்பிவிட்டது, தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அந்த ஆறு மாதத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. யாருக்குத் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான வழி அந்த ஆய்விலும் கிடைக்கவில்லை. ஆகவே "தேறியபின் எப்போது நிறுத்தலாம்" என்ற கேள்விக்கு இப்போதைக்கு நெறிமுறையின் பதில், நிறுத்த வேண்டாம் என்பதுதான்.